மறுபக்கம் எங்கே என்று கேட்ட கால் இஞ்ச் அக்கா

பிறந்து பதினோரு நாளான குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டு, "மறுபக்கம் எங்கே?" என்று கேட்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். எங்கள் வாட்ஸப் குழுவின் அட்மின். பெயர் கால் இஞ்ச் அக்கா.

அவருடைய நிஜப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. போனில் அவர் எண்ணுக்கு நேராக ஒரு புள்ளி மட்டும் இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்தரிக்கோல். குழுவின் பெயர் 'ஒட்டுப்போர்வைக் கூட்டம்'. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாகத் தைத்து, சதுரங்களை ஒன்றாக இணைத்து, குவில்ட் என்கிற போர்வையைச் செய்கிறவர்கள் நாங்கள் இருபத்தைந்து பேர். திருவனந்தபுரம் கரமனையில் பாதி, நாகர்கோவிலில் கொஞ்சம், துபாயில் ஒருவர். போனக்காட்டு மலை எஸ்டேட்டில் ஒருத்தி உண்டு. அவள் சிக்னல் கிடைத்த அன்றைக்கு ஒரு வாரப் படங்களை மொத்தமாகக் கொட்டுவாள்.

இந்தத் தையலுக்கு ஒரு விதி உண்டு. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது விளிம்பிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளித் தைக்க வேண்டும். மற்ற குழுக்களில் இதை நல்ல பழக்கம் என்பார்கள். எங்கள் குழுவில் இது பீனல் கோடு. முன்பக்கம் பொய் சொல்லும் என்பது அக்காவின் கட்சி. ஆகவே படம் போடுகிறவர்கள் முதலில் மறுபக்கத்தைப் போட வேண்டும். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். "மூணாவது வரிசை, இடது ஓரம், ரெண்டு நூல் கூடுதல். பிரிங்க."

தம்பானூரில் ஒரு லாட்ஜின் துணி அறைக்கு அவர் பொறுப்பு. விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் எந்த அறைக்கும் போகும். ஒவ்வொன்றையும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் தேடிப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எதையுமே முன்பக்கமாகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு விட்டுப் போயிருந்தது.

அப்படிப்பட்டவரிடம்தான் ஷைலஜா சேச்சி தன் பேரனின் படத்தைக் காட்டினார். தான் தைத்த போர்வையில் குழந்தையைப் படுக்க வைத்து எடுத்த படம். குழுவில் இருபத்து மூன்று இதயங்கள் பறந்தன. இருபத்து நாலாவதாக வந்ததுதான் அந்தக் கேள்வி. சேச்சி உடனே எழுந்தார். குழந்தையைத் தூக்கி, போர்வையைத் திருப்பி விரித்து, குழந்தையை மறுபடி கிடத்தி இன்னொரு படம் அனுப்பினார். "தையல் சுத்தம். பிள்ளையும் நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. அக்கா தையலைச் சுத்தம் என்று சொன்னது அந்த வருடத்தில் அது ஒரே தடவை என்பதால், சேச்சி அந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்து வீட்டில் வைத்திருக்கிறார்.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் வாங்கியதும் குழுவில் சேர்ந்ததும் என் மனைவி விஜி. மூன்றாம் வாரம் அவளுக்கு அலுத்துவிட்டது, யோகாவுக்குப் போய்விட்டாள். மெஷின் கூடத்தில் சும்மா நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேண்ட்டின் அடி மடிப்பு பிரிந்துவிட்டதே என்று அதன் முன் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது ஒரு சதுரம் தைத்திருந்தேன். விஜியின் பழைய போனிலிருந்து அதைக் குழுவில் போட்டேன். "விஜி சேச்சி தேறிட்டாங்க" என்றார்கள். நான் திருத்தவில்லை. ஐம்பது வயது ஹெட் கிளார்க் பூப்போட்ட துணியில் சதுரம் தைக்கிறான் என்று தெரிந்தால் ஆபீசில் என் கதி என்ன ஆகும்? எட்டு மாதம் விஜி சேச்சியாகவே வாழ்ந்தேன். யாராவது புளிசேரிக்குப் பக்குவம் கேட்டால், அடுக்களைக்குள் போய் விஜியிடம் கேட்டு வந்து எழுதுவேன்.

ஒருநாள் அக்காவே போன் செய்தார்.

"விஜி இருக்காளா?"

"குளிக்கிறாங்க."

"ஆறு மாசமாவா குளிக்கா?"

போனை மற்ற காதுக்கு மாற்றினேன்.

"காக்கி நூல்ல சதுரம் தைக்கிற பொம்பளைய நான் கண்டதில்ல தம்பி. பேண்ட் தைக்க வாங்கின நூல்தானே அது?"

"ஆமா அக்கா."

"மறுபக்கத்தைப் பாத்தா தெரியாதா. தையல் ஒண்ணும் மோசமில்ல. பயப்படாண்டாம். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், மனசோட வச்சுக்கிடுதேன்."

அன்றிலிருந்து அவர் எனக்குத் தெய்வம்.

பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் வருடந்தோறும் கைத்தையல் கண்காட்சி நடக்கும். குழுக்களுக்குப் போட்டி உண்டு. நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த போட்டியில் கொச்சிக் குழு ஒன்று கப்பைத் தட்டிக்கொண்டு போனது. போனதோடு நிற்காமல், அதன் தலைவி எங்கள் போர்வையைத் தொட்டுப் பார்த்து, "வாசலில் கால் துடைக்கப் போட நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா போர்வையை மடித்து எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து குழுவில் ஒரே வரி எழுதினார். "அடுத்த வருசம் கப்பு இங்க வரணும்."

ஆளுக்கொரு சதுரம், பன்னிரண்டரை இஞ்ச், தபாலில் அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அவர் லாட்ஜின் பெரிய மேஜையில் வைத்து இணைப்பார். பதினோரு சதுரங்கள் போன தபாலிலேயே திரும்பி வந்தன. துபாய்க்காரரின் சதுரம் கடலை மூன்று முறை தாண்டியது. என்னுடையது திரும்பி வரவில்லை. இரண்டு நாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நடுச் சதுரம் மட்டும் அக்காவுடையது. அங்கேதான் வினை வந்தது. அதற்குக் காரணம் எங்கள் அன்பு.

அக்காவின் அளவு டேப்புக்கு முதல் இஞ்ச் கிடையாது, எப்போதோ கிழிந்து போய்விட்டது. அதனால் அவர் ஒன்றிலிருந்து அளக்கத் தொடங்கி, முடிவில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். பன்னிரண்டரை வேண்டுமானால் பதிமூன்றரையில் வெட்டுவார். ஒருநாளும் தப்பாது. நாங்கள் சும்மா இருந்திருக்கலாம். அவர் அட்மின் ஆகி ஐந்து வருடம் நிறைந்ததற்கு, எல்லோரும் சேர்ந்து ஒரு புது டேப்பைப் பரிசாகக் கொடுத்தோம். பாவம், அவர் அதற்கு மரியாதை கொடுத்து, கூட்டாமல் அளப்பதற்கு இரண்டு வாரம் பழகினார். நன்றாகப் பழகியும் விட்டார். நடுச் சதுரத்தை வெட்டுகிற அன்று கை தானாகப் பழைய டேப்பை எடுத்தது. மண்டையோ புது டேப்பிலேயே இருந்து, கூட்டாமல் பன்னிரண்டரையில் வெட்டியது.

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குழுவில் செய்தி வந்தது. "நடுச் சதுரம் ஒரு இஞ்ச் குறைவு. தைச்சது நான்." அதற்கு அடியில், அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார் என்று போனே சிறிய எழுத்தில் அறிவித்தது.

குழு கதிகலங்கிப் போயிற்று. இருபத்தைந்து சதுரங்களும் அவரிடம். போனை எடுக்கவில்லை. சதுரம் போனால் இன்னொன்று தைக்கலாம். அக்கா இல்லாமல் யார் எங்களைத் திட்டுவது?

"விஜி சேச்சி, தம்பானூர் உங்களுக்குப் பக்கம் அல்லே. நேர்ல போய்க் கூட்டிட்டு வாங்க" என்று எழுதினார் ஷைலஜா சேச்சி. ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

விஜியாக நான் எப்படிப் போவேன்? அரைமணி நேரம் யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் எழுதினேன். நான் விஜி இல்லை, விஜியின் புருஷன், எட்டு மாதமாக ஏமாற்றினேன், மன்னித்துவிடுங்கள். அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது சேச்சியின் பதில் இருந்தது. "அது முன்னமே தெரியும் சாரே."

வரிசையாக இருபத்து மூன்று பேரும் தெரியும் என்றார்கள். கால் இஞ்ச் அக்கா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "யாருகிட்டயும் சொல்லாதீங்க, மனசோட வச்சுக்கிடுங்க" என்று சொல்லியிருந்தார். அவர்களும் என் மனசு கோணக்கூடாது என்று, விடாமல் புளிசேரிப் பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனக்காட்டுக்காரிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் லாட்ஜுக்குப் போனேன். அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரிப்பு அடுக்குகளுக்கு நடுவே குள்ளமாக, கழுத்தில் பழைய டேப்போடு நின்றார். புது டேப் சுருட்டி மேஜை ஓரத்தில் இருந்தது. என் கையைப் பார்த்தார், பேண்ட்டின் அடி மடிப்பைப் பார்த்தார்.

"காக்கி நூலா?"

"ஆமா அக்கா. எல்லாரும் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எதுக்கு? துபாய்க்காரிய ரெண்டு நூலுக்காகத் திருப்பி அனுப்புனவ நான். எனக்கு ஒரு இஞ்ச் போயிருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனி பிரிங்கன்னு சொல்லுவேன்? வேற சதுரம் வச்சு நீங்களே முடிச்சுக்கிடுங்க."

நான் தயாராகத்தான் போயிருந்தேன். குறைந்த சதுரத்தின் நாலு பக்கமும் ஒரு இஞ்ச் அகலத்தில் பச்சைப் பட்டி வைத்துத் தைப்பது. இரண்டு தையலிலும் கால் கால் இஞ்ச் உள்ளே போனால், கண்ணுக்குத் தெரிவது அரை இஞ்ச். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு இஞ்ச், கணக்கு சரி. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நானே வெட்டிக்கொண்டு வந்த நாலு பட்டிகளையும் மேஜையில் வைத்தேன்.

அக்கா சதுரத்தைப் பார்க்கவில்லை. பட்டியைத்தான் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன தம்பி, அரணை போன தடம் மாதிரி வளைஞ்சிருக்கு?"

"நேராத்தான் வெட்டினேன்."

"கண்ணு இருக்கா உமக்கு? இதை வச்சா தைக்கப் போறீங்க? ஊரு சிரிக்கும். தள்ளும்."

கத்தரிக்கோலை எடுத்தார். நாலு பட்டிகளையும் புதிதாக வெட்டினார். வெட்டிய சூட்டில் ஒன்றைச் சதுரத்தோடு வைத்துக் குண்டூசி குத்தினார். அப்புறம் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அவரை வரவழைக்க வேண்டுமென்றே கோணலாக வெட்டினேன் என்று இன்றைக்கும் நான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அதைவிட நேராக எனக்கு வெட்ட வராது. நான் தகவல் அனுப்ப, ஷைலஜா சேச்சி அந்த நிமிடமே அவரைக் குழுவில் சேர்த்தார். சேர்ந்ததும் அவர் எழுதிய முதல் வரி: "விஜி புருஷன் வெட்டுன பட்டி நாலும் கோணல்." குழு கொண்டாடித் தீர்த்தது.

அடுத்த ஒரு வாரம் உள்ளூர்க்காரர்கள் ஏழு பேர் முறை வைத்து அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அடியில் வெள்ளைத் துணி, நடுவில் பஞ்சு, மேலே சதுரங்கள் என்று அடுக்கி, மூன்றையும் சேர்த்துக் கையால் தைத்தோம். நான் ஆபீஸ் கைப்பையிலேயே ஊசி வைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் பார்த்துவிட்டார். தன் சட்டைக்கு ஒரு பட்டன் வைத்துத் தரச் சொன்னார், அவ்வளவுதான்.

கண்காட்சியன்று ஹாலுக்குள் போனவர்களுக்குத் தலை சுற்றியது. எல்லாக் குழுவின் போர்வைகளும் வானவில்லாகத் தொங்க, எங்களுடையது மட்டும் லாட்ஜ் மாடியில் காயப்போட்ட விரிப்பு போல வெள்ளையாகத் தொங்கியது. அக்கா காலையிலேயே வந்து மறுபக்கத்தை வெளியே காட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"சேச்சி, இது மறிச்சல்லே இட்டிருக்கு?" என்று ஓடி வந்தார் ஒரு அமைப்பாளர்.

"இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "முன்பக்கம் வேணும்னா சுத்திப் போய்ப் பாக்கட்டும்."

நடுவர் கோழிக்கோட்டிலிருந்து வந்த அம்மையார். மூக்கு வெள்ளைத் துணியில் படுகிற அளவுக்குக் குனிந்து தையலைப் பார்த்தார். பிறகு சுற்றிப் போய் முன்பக்கம் பார்த்தார். நடுவில் விரலை வைத்து, ஒரு சதுரத்துக்கு மட்டும் பச்சைச் சட்டம் போட்டது அருமையான யோசனை என்றார். நாங்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தோம்.

"யோசனை ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. "அளவு தப்பிப்போச்சு. ஒரு இஞ்ச் குறைவு. தப்பு என்னோடது."

ஷைலஜா சேச்சி என் கையைக் கிள்ளிய தழும்பு இரண்டு நாள் இருந்தது. நடுவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். காகிதத்தில் எதையோ நெடுநேரம் எழுதினார். அடுத்த போர்வைக்குப் போனார்.

சாயங்காலம் முதல் பரிசு எங்களுக்கு. மைக்கில் காரணமும் சொன்னார்கள், மறுபக்கத்தையும் தப்பையும் மறைக்காத போர்வை என்று. ஹால் முழுக்கக் கைதட்டல். கொச்சித் தலைவி எங்கள் போர்வையிடம் வந்து, குனிந்து பார்த்து நிமிர்ந்தார்.

"வாசல்ல போடுததுக்கு இது கொஞ்சம் பெருசாயிட்டு, இல்லியா?" என்றார் அக்கா, ரொம்ப மரியாதையாக.

கப்போடு எல்லோரும் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டோம். நாலு நாள் கழித்து எஸ்டேட்டிலிருந்து பதில் வந்தது. "கப்போட மறுபக்கம் எங்கே?"

அக்கா இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் மகளோடு இருக்கிறார். அங்கிருந்தபடியே பிரிங்க பிரிங்க என்று எங்களைப் பாடாய்ப் படுத்துகிறார்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சதுரங்களை எல்லாம் இணைத்து முடித்த அன்று, வெள்ளைத் துணியின் மேல் விரிப்பதற்காக நானும் அக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திருப்பினோம். வலது மூலையில் என் சதுரத்தின் மறுபக்கம் தெரிந்தது. அதில் ஒரு இழை காக்கி நூல் இல்லை. முழுக்க லாட்ஜின் வெள்ளை நூல். தபாலில் வந்ததை அவர் உட்கார்ந்து பிரித்து, ஒவ்வொரு தையலாகத் திரும்பத் தைத்திருக்கிறார். துபாய்க்குக்கூடத் திருப்பி அனுப்பியவர் எனக்கு அனுப்பவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெள்ளைத் துணி வைத்துத் தைத்தாயிற்று, இனி யாரும் அதைப் பார்க்க முடியாது.

என் ரகசியத்தை இருபத்து மூன்று பேரிடம் சொன்ன அந்த மனுஷி, இதை மட்டும் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.