இரண்டாம் கியரில் ஒரு நன்றி

மினசோட்டா, செவ்வாய்க்கிழமை

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் ஆர்லனுக்கு,

அத்தான் வெர்லின் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா மார்லிஸும் சுகம். குளிர் குறைந்து, கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அங்கேயும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். உன் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த நாலு சக்கர பைக்கை என் தலையில் கட்டினாயே, அதற்கு மனதார நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். கிண்டல் இல்லையப்பா, முழுக்கப் படி.

உறைந்த ஏரி மேல் நிற்கிற மீன்பிடிக் குடில்களைக் கரைக்கு இழுக்க இந்த ஞாயிறுதான் கடைசி நாள். தாண்டினால் அபராதம். பனிக்கட்டி இளகினால் குடிலே தண்ணீருக்கடியில். அடுப்பும் பெஞ்சும் மார்லிஸ் தைத்த திரையுமாக, பக்கத்து வீட்டு ஓடெல் தன் குடிலுக்கு அடித்தது போக மிச்சம் கொடுத்த பச்சைப் பெயிண்ட்டை அடித்து, நானே பார்த்துப் பார்த்துக் கட்டியது, விட மனசு வருமா? அந்த ஓடெலே போன வாரம் வந்து, "அண்ணே, டிராக்டர் சும்மாத்தான நிக்குது, இழுத்து விட்டுடவா?" என்றான். நம் ஊர் மரியாதை உனக்குத் தெரியாததா? மூன்றாவது தடவை கேட்டால்தானே சரி என்பது! "உனக்கெதுக்குப்பா சிரமம்" என்றேன். மறுபடி கேட்டான். "சேச்சே, வேணாம்ப்பா" என்றேன். மூன்றாவதுக்குத் தலையாட்டத் தயாராக நிற்கிறேன், அந்தப் பாவி "சரிண்ணே" என்று போயே போய்விட்டான்.

ஆக, உன் வண்டியே கதி என்று சீட்டைத் தூக்கினால் உள்ளே எலிக்கூடு, அதில் உன் கையுறையின் பஞ்சுதான் மெத்தை. செத்த பேட்டரியைத் தூக்கிப்போட்டுப் புதுசு மாட்டியதும் எஞ்சின் உறுமியது பார், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் கியர் பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம், கியர் எண் காட்டுகிற திரையில் ஒரு கோடு சிமிட்டும், அவ்வளவுதான். எஞ்சினை அணைத்து மறுபடி சாவியைத் திருப்பினால் இரண்டாவது கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மேலேயும் போகாது, கீழேயும் வராது. கியர் மாற்றுகிற மோட்டாரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பித் துடைத்தேன், உன் அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். உன்னை நான் திட்டிய திட்டில் உனக்குப் புரையேறியிருக்க வேண்டும்.

"வண்டிச் சட்டத்துல முடுக்கியிருக்கிற கறுப்பு ஒயரைப் பாத்தீங்களா?" என்றாள் மார்லிஸ்.

"எல்லாம் பாத்தாச்சு."

"பாத்தது சரி, தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரே துரு! சுரண்டி இறுக்கிப் பட்டனை அமுக்கினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஏறுகிறதே, அடடா! அவளைக் கட்டிக்கொண்டு கொட்டகையில் ஒரு சுற்று ஆடினேன். "விடுங்க, கையெல்லாம் கிரீஸு" என்றாளே ஒழிய விலகவில்லை.

இன்று விடிந்ததும் ஏரியில் இறங்கினேன். கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. கூரை வரை பனி அப்பி, இடுக்கில் பச்சை மட்டும் தெரிந்த குடிலைக் கடப்பாரையால் நெம்பி, சங்கிலி கட்டி இழுத்தால், உன் வண்டி முக்கவில்லை, முனகவில்லை. கரையேறியதும் இறங்கி அதைத் தட்டிக்கொடுத்தேன். திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மச்சான். நீ நன்றாக இருக்க வேண்டும். உன் தூண்டிலில் எப்போதும் பெரிய மீனே சிக்கட்டும், உன் வீட்டுக் காபிக் கெட்டில் காலியாகாமல் இருக்கட்டும்.

என்றும் நன்றி மறவாத அத்தான்,
வெர்லின்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஓடெல் சுடச்சுட ஆப்பிள் பை பலகாரமும் கையுமாக வந்தான். "கேக்காமலே என் குடிலை இழுத்து விட்டுட்டீங்களேண்ணே! யாருண்ணே இப்படிச் செய்வா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறான். பாழாய்ப்போன பச்சைப் பெயிண்ட்! நம் குடில் ஏரி நடுவிலேயே நிற்கிறது. "உங்களுதை நான் இழுத்துடவா?" என்று இரண்டு தடவை கேட்டான். என் வாய் இருக்கிறதே, இரண்டு தடவையும் வேண்டாம் என்றுவிட்டது. போய்விட்டான். ஓடிப் போய்ப் பட்டனை அமுக்கினேன், 'டிக்' என்கிறது, மறுபடி இரண்டாவது கியர். உன்னிடம் டிராக்டர் இருப்பது ஞாபகம் இருக்கிறது, போனில் சொன்னால் உதவி கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் நீ சிரமப்பட்டு வர வேண்டாம், மச்சான். நிஜமாகவே வேண்டாம். இத்தோடு இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.