பெயின்ட் துவக்கோடு வந்த மூடண்ணை

எண்பதுகளின் கடைசியில் லண்டன் குட்மேய்ஸில் வீடு வாங்கிய தமிழர்களில், மூடண்ணையின் கையால் பிளாஸ்டிக்கில் சுற்றப்படாதவர் ஒருவரும் இல்லை. சோபா, கட்டில், சாமிப்படம், சில வேளைகளில் வீட்டுக்காரர், எல்லாமே அவருக்கு ஒன்றுதான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம்.

கிழமை நாட்களில் மளிகைச் சாமான் கிடங்கு ஒன்றில் வேலை. சனிக்கிழமை விடிந்தால் ஸ்ப்ரே மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் புறப்பட்டுவிடுவார். காற்றைக் கலக்காமல் பெயின்டை மட்டும் அழுத்தி, நீளக் குழாய் வழியாக அனுப்பும் மெஷின் அது. குழாயின் நுனியில் துப்பாக்கி போல இருப்பதை அவர் ‘துவக்கு’ என்பார். விசையை அமத்தினால் பெயின்ட் புகைபோலச் சீறும். நாங்கள் நாள் முழுக்க ரோலரால் உருட்டுகிற சுவரை, அவர் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுவார். ஆனால் அதற்கு முந்திய மூடல் வேலையில் ஒரு பகல் போய்விடும்.

இந்த மூடல் வியாதி பிறவியில் வந்ததல்ல. முதன்முதலில் டூட்டிங்கில் ஒரு வீட்டுக்கு அடித்தபோது, காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியின் கறுப்புப் பூனை அந்த ஜன்னலில் வந்து குந்தியிருக்கிறது. அன்று பின்னேரம் கிழவி தெருவெல்லாம் பூனையைத் தேடி அலைந்தாளாம். அந்தக் காலத்து லண்டன் வீடுகளின் ஒரே நிறமான மக்னோலியாவில், மங்கிய வெண்ணெய் போல ஒரு பூனை அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு திரிந்ததாம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் அவர் வாயில் வரும் முதற்சொல், “மூடு!”

ஹரோவில் ஒரு கணக்காளர் வீட்டில், சோபாவில் நித்திரையாயிருந்த மாமனாரையும் சேர்த்து மூடி, ஓரங்களுக்கு டேப்பும் ஒட்டிவிட்டார். உள்ளேயிருந்து இருமல் கேட்டபிறகுதான் விஷயம் வெளிவந்தது.

“மூக்குக்கு ஓட்டை விட்டிட்டுத்தானே மூடினனான்!” என்று கோபம் வேறு.

எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி வசந்தியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“தங்கச்சி, பழைய ஸ்டொக்கிங்ஸ் ஒண்டு தாங்கோ.”

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“பெயின்ட் வடிக்கப் பிள்ளை! சின்னக் கட்டி போனாலும் துவக்கு அடைச்சுப்போடும்.”

அந்த நாட்களில் வசந்திக்கு எந்தப் பகிடிக்கும் சிரிப்பு வராது. அவளுடைய தம்பி ரவி கொழும்பிலிருந்து, லண்டனுக்கு ஆள் கொண்டுவரும் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு புறப்பட்டுப் பல கிழமைகளாகிவிட்டன. பாங்கொக்கில் நிற்கிறான் என்று யாரோ சொன்னதோடு சரி. போன் அடித்தால் அடுப்பில் இருப்பது கருகினாலும் ஓடுவாள். அவன் வரும்போது வீடு வடிவாக இருக்கவேண்டும் என்றுதான் பாசிப்பச்சைச் சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கவே சம்மதித்தாள்.

சனிக்கிழமை கதவு நிலைகளுக்கும் சுவரோரப் பலகைகளுக்கும் வெள்ளை அடித்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை அவை காய்ந்ததும் அவற்றுக்கும் டேப் ஒட்டி, போன் இருந்த ஹாலுக்குள் பிளாஸ்டிக் சுருளோடு இறங்கினார்.

“அண்ணை, போனை மட்டும் மூடாதேங்கோ.”

“மூடாமல் அடிக்க ஏலாது பிள்ளை. மணி அடிச்சா நானே எடுக்கிறன்.”

எங்கள் இருவரையும் அடுப்பிருந்த குசினிக்குள் அனுப்பி, வாசலையும் மேலிருந்து கீழாகப் பிளாஸ்டிக்கால் அடைத்துவிட்டார். மெஷின் இரையத் தொடங்கியது. அரைவாசிச் சுவர்கூட முடிந்திராது. போன் அடித்தது.

வசந்தி பிளாஸ்டிக்கை நகத்தால் பிறாண்டினாள். அது அசையவில்லை. மெஷின் நின்றது. மங்கலாகத் தெரிந்த வெள்ளை உருவம் குனிந்து எதையோ மூர்க்கமாகக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தப் போனுக்கு எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தாரோ! மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் குரல் கேட்டது.

“ஹலோ! ஓம், லண்டன்தான்... நானோ? மூடண்ணை. மூடண்ணை! ஐயோ, வைச்சிடாதை! வாயை மூடச் சொல்லேல்லைத் தம்பி, என்ரை பேரே அதுதான்!”

“ரவியோ அண்ணை? ரவியோ?” என்று வசந்தி குசினிக்குள் துள்ளினாள்.

“ரவியோடா நீ? கொக்கா வசந்தி இஞ்சைதான். உள்ளுக்கை அடைச்சு வைச்சிருக்கிறன்... பயப்பிடாதை, பெயின்ட் அடிக்கத்தான்! சாப்பிட்டியோ? என்ன, லைன் போகப்போகுதோ? நம்பரைச் சொல்லு. கெதியாச் சொல்லு!”

நான் இறைச்சி வெட்டும் கத்தியால் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. பேனை, கடதாசி எல்லாம் அவரே மூடிவிட்டதால், அப்போதுதான் அடித்த ஈரச் சுவரில் விரலால் நம்பரைக் கீறியிருந்தார். மக்னோலியாவுக்குள் பழைய பச்சை இலக்கம் இலக்கமாகத் தெரிந்தது. ஈரப் பெயின்டில் ஒரு ஈ, இலையான் இருந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர்!

“டயல் பண்ணு பிள்ளை. கடைப் போனாம். பக்கத்திலையே நிக்கிறானாம்.”

வசந்தி சுவரைப் பார்த்து டயல் செய்தாள். பிறகு பேசினாள், அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். மூடண்ணை மாஸ்க்கை நாடிக்கு இறக்கிவிட்டு, “சாப்பிட்டவனாம், நான் கேட்டனான்” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லாம் ஓய்ந்ததும் சுவரைப் பார்த்தார். தொழில்காரனின் மனம் பொறுக்கவில்லை.

“உதிலை ஒருக்கா அடிச்சுவிடட்டே?”

“துவக்கைக் கீழை வையுங்கோ அண்ணை!” என்றாள் வசந்தி. ஒரு இராணுவம் சரணடைவதைப் போல அவர் அதைக் கீழே வைத்தார். அந்தச் சுவர் மட்டும் அப்படியே கிடந்தது. வந்தவர்கள் புது டிசைனோ என்று கேட்டார்கள்.

ரவி வந்து சேர மாதங்கள் ஆகின. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நாங்கள் போனபோது, எங்களுக்கு முன்னமே மூடண்ணை அங்கே நின்றார். கிடங்கு வேலைக்கு லீவு போட்டு, கோட் சூட் அணிந்து, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பெயின்ட் படாத மூடண்ணையை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

“நீங்கள் ஏன் அண்ணை மினக்கெட்டு?”

“நான் கதைச்ச பொடியன் எல்லே. முகத்தைப் பாக்க வேண்டாமே?”

ஒரு சின்னப் பையோடு ரவி வெளியே வந்தான். முதலில் கண்ணைத் துடைத்தவர் அவர்தான். வசந்திக்குக்கூட அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.