நர்ஸ் பேனர் கேட்டைச் சாய்த்த விவரம்

மிலான் நகரத்தில் வாசம் செய்யும், அன்பும் மரியாதையும் நிறைந்த ஃபெலிசிதாத் அக்காவுக்கு, பரோதாக் நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற எழுத்தர் எபிஃபானியோ, அதாவது உன் தம்பி பானியோ, வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகள் ஜெஸ்ரியேலும் பன்றியும் நலம். உன் முழங்கால் வலியும், நீ குளிப்பாட்டிவிடும் கிழவி அம்மாளும் எப்படி என்று அறிய ஆவல். இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதி, புதன்கிழமை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு தெல்ஃபினின் மகளிடம் கொடுத்தனுப்பக் காரணம், நம் வீட்டுச் சுவர் மூங்கில். நான் பெருமூச்சு விட்டாலும் அடுத்த அறையில் ஜெஸ்ரியேல் என்னப்பா என்கிறாள்.

நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. பிள்ளையை நான்கு வருஷ நர்சிங்கில் சேர்ப்பதென்றால் அந்த வீட்டாரிடம் இன்னும் நான்கு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாய். இல்லையென்றால் பதினோரு வருஷம் போதுமென்று மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாய். எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றாய். தாயில்லாப் பிள்ளையின் காரியம், வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யலாமா? நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, இவளையும் இழுத்துக்கொண்டு இலோய்லோ நகரத்து நர்சிங் கல்லூரிக்கு பஸ் ஏறினேன்.

அக்கா, அந்தக் கல்லூரியை நீ பார்க்க வேண்டும்! தரையில் குனிந்தால் என் முகம் தெரிகிறது, நான் இரண்டு பேராக நடந்துபோனேன். கவுண்டரில் இருந்த அம்மாளின் பெயருக்குப் பின்னால் ஆறு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளி. சுவரில் கல்லூரியின் தங்க முத்திரை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. ஆயுசு முழுக்க நான் குத்திய முத்திரை ஒரு பிஸ்கட் அளவுகூட வராது. என்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டேன். அந்த அம்மாள் ஒரு செலவுப் பட்டியலைக் கொடுத்தாள். பாடத்துக்கு, ஆய்வகத்துக்கு, வெள்ளைச் சீருடைக்கு, நர்ஸ் தொப்பி அணிவிக்கும் விழாவுக்கு, விழாவில் பிடிக்கும் மெழுகுவர்த்திக்கு, ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பதற்கும் நாம் கட்ட வேண்டிய ஒரு கட்டணம், எல்லாம் முடிந்து அரசாங்கப் பரீட்சைக்குத் தனிப் பயிற்சி. எனக்கு யூரோ கணக்கு வராதென்று எல்லாவற்றையும் உன் கிழவி அம்மாளாக மாற்றிப் பார்த்தேன். ஒரு அரையாண்டுக்கு நீ அவளை ஐந்து மாதம் குளிப்பாட்ட வேண்டும். அப்படி எட்டு அரையாண்டு. இவ்வளவு விலை என்றால் எவ்வளவு உயர்ந்த படிப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உன் மருமகளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

"மேடம், நாலு வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்தவங்கள்ல எத்தனை பேரு அரசாங்கப் பரீட்சை பாஸ் பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"தொப்பி போடுற விழா ரொம்ப அழகா இருக்கும்மா. பார்க்கறவங்க எல்லாரும் அழுவாங்க."

"ஃபீஸ் கட்டினவங்களா மேடம்?"

நான் அவள் காலை மிதித்தேன். பஸ்ஸில் வரும்போது பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக் காட்டினாள். நம் ஊரிலேயே அரசாங்கப் பயிற்சி மையம், வெல்டிங், ஐந்து மாதம், கட்டணம் கிடையாது. ஐந்து மாதத்தில் முடிவதெல்லாம் ஒரு படிப்பா, பப்பாளி பழுக்கவே அதற்குமேல் ஆகுமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதே. "அத்தை நாலு வருஷம் படிச்சு டீச்சரானாங்க. அந்தச் சர்டிஃபிகேட் கண்ணாடியை நீங்க தினம் தொடைக்கறீங்க. அத்தை அங்க எந்த கிளாசுக்குப் பாடம் எடுக்கறாங்க, சொல்லுங்கப்பா." வீட்டுக்கு வந்து கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தேன். மற்றபடி இவள் நல்ல பெண்தான். தினமும் தேவாலயப் பாட்டுக்குழுப் பயிற்சிக்குத் தவறாமல் போகிறாள். வீட்டில் ஒருநாளும் பாடிக் கேட்டதில்லை. சட்டைக் கையில் பொட்டுப் பொட்டாகக் கருகிய ஓட்டை இருக்கிறது, கேட்டால் பீடத்து மெழுகுவர்த்தி பட்டது என்கிறாள். பக்தி அதிகம்.

இனி பேனர் விஷயம். நம் தெருவில் பிள்ளை பட்டம் வாங்கியதைச் சொல்லும் பேனர் இல்லாத கேட் நம்முடையது மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். தெல்ஃபின் வீட்டில் மூன்று தொங்குகிறது, நர்ஸ், கணக்காளர், குற்றவியல். போட்டோவில் மூன்று பிள்ளைகளும் பட்டமளிப்பு அங்கியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பதினோரு வருஷமாக அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போகிறேன். அச்சுக்கடையில் திருவிழாச் சலுகை என்று பத்தடி பேனரை ஆறடி விலைக்குத் தருவதாகச் சொன்னபோது கை சும்மா இருக்குமா? இவளுடைய பள்ளிக்கூடப் போட்டோவில் கடைக்காரனே ஒரு நர்ஸ் தொப்பி வைத்துக் கொடுத்தான். 'பதிவுபெற்ற நர்ஸ் ஜெஸ்ரியேல் பலோமார். பெருமையுடன், மிலான் அத்தை ஃபெலிசிதாத்.' வருஷம் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டேன், நான் பொய் சொல்கிறவனில்லை. அளவு பார்க்கத்தான் கேட்டில் கட்டினேன். கட்டிவிட்டு ஒரு வாய் காபி குடிக்க உள்ளே போனேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

திரும்பி வந்தால் வாசலில் ஊரே நிற்கிறது. இருமுகிற குழந்தையோடு ஒருத்தி, பன்றிக்கு ஊசி போட வேண்டுமென்று ஒருவன், கவுன்சிலர் தெல்ஃபின் வெறுங்கையோடு. "ஏம்ப்பா பானியோ, பொண்ணு நர்ஸாயிட்டா, ஒரு தட்டு நூடுல்ஸ்கூட கிடையாதா?" என்கிறான். எல்லாருக்கும் முன்னால் கிழவர் அமாதோ, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கேட்டில் சாய்ந்தபடி.

"தாத்தா, நான் இன்னும் காலேஜ்ல சேரவே இல்ல," என்கிறாள் இவள்.

"சேராததுக்கே இத்தாம் பெரிய பேனரா? சேர்ந்தா உங்கப்பன் சிலை வைப்பான் போலிருக்கே. அது கிடக்கட்டும், பிரஷரை மட்டும் பாரு."

அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று. பத்தடி பேனர் பாய்மரம் மாதிரி உப்பியது, துருப்பிடித்த கீல் இரண்டும் கழன்று கேட் சாய்ந்தது, கூடவே அமாதோவும் சாய்ந்து பன்றித்தீனித் தொட்டியில் உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை, பிரஷர் மட்டும் நிச்சயமாக ஏறியிருக்கும். எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, ஜெஸ்ரியேல் பேசாமல் எதிர்ப் பட்டறைக்குப் போய் மிஷினையும் முகமூடியையும் இரவல் வாங்கி வந்தாள். "அப்பா, பார்க்காதீங்க," என்றாள். பார்க்காமல் இருப்பேனா? அக்கா, அந்த நீல வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவேன்! இரும்பு தண்ணீராகி, அவள் சொன்ன இடத்தில் போய் நின்றது. முகமூடியைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்தபோது கீல் ஓரத்தில் ஒரு தையல் ஓடியிருந்தது. நீ கறி அடைத்த எம்பனாடா ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி மூடுவாயே, அதே வரிசை. தெல்ஃபின்தான் கடைசியில், "எங்க வீட்டு கேட்டுக்கு எவ்வளவும்மா கேப்ப?" என்று மெதுவாகக் கேட்டான், அதுவும் மரியாதையாக. எங்கே கற்றாய் என்று நான் கேட்டேன். "அப்புறம் சொல்றேம்ப்பா, கண்ணை மூடுங்க," என்றாள். அன்றும் மறுநாளும் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல நீர் கொட்டியது. அந்த வெளிச்சத்தால்தான், வேறெதனாலும் இல்லை. இவள்தான் உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். பார்த்தாயா, நர்ஸ் கை!

ஆகவே என் தீர்ப்பு நர்சிங்தான். இரும்பு வேலை எப்போதும் இருக்கும், தங்க முத்திரை எல்லோருக்கும் கிடைக்காது. வெள்ளிக்கிழமை தயங்காமல் கையெழுத்துப் போட்டுவிடு. நான்கு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நம் ஊரைக் காக்கும் புனிதர் உன் முழங்கால் இரண்டையும் சேர்த்துக் காக்கட்டும், அந்தக் கிழவி அம்மாளுக்கு நீண்ட ஆயுளையும் அதைவிட நீண்ட பொறுமையையும் கொடுக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
பானியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன், ஜெஸ்ரியேல் பசை தருவதற்குப் பதில் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். பாட்டுக்குழு என்று போனதெல்லாம் வெல்டிங் மையத்துக்காம், ஐந்து மாதமும். முடித்து, பரீட்சை எழுதி, பாஸாகி, திங்கட்கிழமை சர்டிஃபிகேட்டே வந்துவிட்டது. போட்டோ, கையெழுத்து, அரசாங்க முத்திரை! கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், சரியான அழுத்தம், ஓரம் கலையவில்லை. முப்பத்தோரு வருஷம் குத்தியவன் சொல்கிறேன், அக்கா, அப்பழுக்கில்லாத முத்திரை. இதற்கும் முத்திரை உண்டென்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. கையெழுத்துப் போடாதே.

பேனரைக் கிழித்துவிடு என்றேன். வீணாக்கக் கூடாதென்று திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் எழுதி, மறுபடி கேட்டில் கட்டிவிட்டாள். இந்தத் தடவை கேட் அசையவில்லை. 'எங்கள் அத்தை ஃபெலிசிதாத் வீட்டுக்கு வருகிறார்' என்று இருக்கிறது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாள். பெயிண்ட் டப்பாவை மூடாமல் வைத்திருக்கிறோம், என்ன எழுதட்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்.