நூற்றுக்கு நூறு உச்சரிப்பு

ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டுமென்று ஆறு முறை எழுதிய அந்தத் தொடக்கப் பள்ளிக்கு, ஏழாவது கடிதம் போகும் முன்பே ஒரு ரோபோ வந்து இறங்கியது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மூன்றாம் வகுப்பு டீச்சர். அன்று முதல் அவர் 'கருவிப் பொறுப்பாளர்'. அதாவது, தூசி தட்டுவது, சார்ஜ் போடுவது, அது நடத்தாத பாடத்தை நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதுவது.

ரோபோவுக்குப் பிள்ளைகளின் பேச்சு பிடிபடவில்லை. யார் எதைச் சொன்னாலும், "சாரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் ரிப்பீட்," என்றது. ரிப்பீட் என்றால் திருப்பிச் சொல்வதுதானே? முப்பத்திரண்டு பிள்ளைகளும் அதையே திருப்பிச் சொன்னார்கள். இரண்டு மாதம் பாடம் இப்படியே ஓடியது.

டீச்சர் மேலிடத்துக்கு எழுதினார். பதில் வந்தது: 'கருவியில் குறையேதும் இல்லையெனக் கருவியே சான்றளித்துள்ளது.'

பிறகு ஆய்வாளர் வந்தார். முன்வரிசைச் சிறுமியிடம், "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார்.

"சாரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் ரிப்பீட்."

ஆய்வாளர் ஆடிப்போனார். "அடேயப்பா! வெளிநாட்டுல பொறந்த பிள்ளை மாதிரி பேசுதே!"

"சார், அதுக்குத் தன் பேரைச் சொல்லத் தெரியல."

"இல்ல டீச்சர், என் உச்சரிப்புதான் அதுக்குப் புரியல," என்று தலைகுனிந்தவர், நூற்றுக்கு நூறு போட்டுவிட்டுப் போனார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் போட்டு உடைத்தார். "அந்த ஒரு வரியைத் தவிர உங்க பிள்ளைகளுக்கு ஒண்ணுமே தெரியாது!"

ஒரு தையல்காரர் எழுந்தார். "ஏன் டீச்சர் இந்த வயித்தெரிச்சல்? இத்தனை நாள் நீங்க சொல்லிக்கொடுத்து என் பையன் வாயைத் திறந்தானா? இப்போ அவன் பேசினா வீடே வாயடைச்சு நிக்குது."

கைத்தட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

முகம் சுண்டி வீட்டுக்கு வந்தார் டீச்சர். வேறு பள்ளியில் படிக்கும் மகள் ஓடி வந்து, "அம்மா, ஐ ஆம் வெரி ஹங்க்ரி. வாட் இஸ் தேர் டு ஈட்?" என்றாள்.

கணவர் டீச்சரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "என்ன இது, நம்ம தெருவுல பேசுற மாதிரியே இருக்கு? எதிர்வீட்டுப் பிள்ளை உன் ஸ்கூல்தானே, என்ன ஸ்டைலு தெரியுமா?"

மறுநாள் டீச்சர் அரைநாள் லீவு போட்டுவிட்டு மகளின் பள்ளித் தலைமையாசிரியர் முன் போய் நின்றார்.

"உங்க ஸ்கூலுக்கு எப்போ சார் ரோபோ வரும்?"

அவர் நோட்டைப் புரட்டினார். "பெயரைக் கொடுத்துட்டுப் போங்கம்மா. உங்களுக்கு முன்னாடியே பதினோரு பேர் கேட்டுட்டாங்க. எல்லாருமே டீச்சருங்கதான்."