மெதுவாக வாசிக்கச் சொன்னேன்

கவிஞர்களுக்கு மைக் கிடைப்பது சுலபம், அதை அவர்களிடமிருந்து திரும்ப வாங்குவதுதான் கஷ்டம் என்பார்கள். மைக் முன்னால் அரை மணி நேரம் நின்று, ஒரு வரிகூடப் படிக்காமல் இறங்கிய கவிஞன் காரைக்காலில் நான் ஒருவன்தான்.

எங்கள் இலக்கிய வட்டம் கவிதையும் இசையும் கலந்த மாலை நிகழ்ச்சி ஒன்றை வைத்தது. பிரான்சிலிருந்து பஸ்கால் என்ற சாக்ஸபோன் கலைஞர் வந்திருந்தார். நான் கவிதை படிக்க, அவரும் திருநள்ளாற்றுத் தவில்காரர் ஒருவரும் பின்னணி வாசிப்பதாக ஏற்பாடு. எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நானே ஊரில் பரப்பியிருந்ததால் கிடைத்த வாய்ப்பு அது. (மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பழைய 'சொல்தா'. பெண்ணோடு மொழியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.)

நான் கவிதைத் தாளை எடுத்தாலே வாசலுக்குப் போய்விடுகிறவர் அந்த மாமனார். அன்று ஒருமுறையாவது முழுசாகக் கேட்கட்டும் என்று முன்வரிசை நடுவில், எழ முடியாத இடமாகப் பார்த்து உட்காரவைத்தேன்.

மேடையேறும் முன், என் குரல் அமுங்கிவிடாதபடி மெதுவாக வாசிக்கச் சொல்ல பஸ்காலிடம் போனேன். மெதுவாக என்பதற்கு 'லாந்த்மான்' என்று மனைவி ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் கம்பீரமாக, "லோந்தான்" என்றேன். பஸ்கால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. உச்சரிப்பு அவ்வளவு சுத்தம் போலிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். முன்னிசை முடியட்டும் என்று நின்றேன். முடிந்த மாதிரி இருந்தது. "அலையே..." என்பதற்கு வாயைத் திறந்தேன். தவில் உள்ளே புகுந்தது. வாயை மூடினேன். அதன்பின் இருவரும் மாறிமாறி வாசித்ததில், கரையில் தூக்கிப்போட்ட மீன் மாதிரி நான் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். சிறப்பு விருந்தினர் தொடையில் தாளம் போட்டார். வேறு வழியில்லாமல் நானும் கண்ணை மூடி, எல்லாம் என் யோசனைதான் என்பதுபோல் தலையாட்டினேன்.

கடைசியில் கூட்டம் எழுந்து கைதட்டியது. எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

"இன்னும் கவிதையே படிக்கலீங்க," என்றேன், செயலாளர் காதில்.

"மண்டபத்தை விட்டுரணும் சார். கவிதை எங்க போயிடப் போவுது?"

மேடைக்குப் பின்னால் பஸ்காலிடம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை பிடித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் "லோந்தான்... லோந்தான்..." என்றார். ஸ்டெல்லாவோடு அங்கே வந்த மாமனார் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லோந்தான்னா ரொம்ப நேரம்னு அர்த்தம் மாப்ள. நீங்க ரொம்ப நேரம் வாசிக்கச் சொன்னீங்களாம். எந்தக் கவிஞரும் தன்கிட்ட இப்படிப் பெருந்தன்மையா நடந்துகிட்டதில்லைன்னு சொல்றாரு."

ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

அன்றிலிருந்து மாமனாருக்கு என் மேல் பிரியம் வந்துவிட்டது. போன மாதம்கூடக் கோட்டுச்சேரியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் என்னை அவரே அறிமுகப்படுத்தினார்:

"நம்ம மாப்ள. கவிஞரு. பயப்படாம சாப்பிடுங்க, படிக்க மாட்டாரு."