பெயர் தெரியாதவர் எழுதிய லிஃப்ட் புத்தகம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகத்துக்கு வழியில்லை.

மின்நூல்களை அடுக்கி வைக்க என் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தீர்களே, அதில்தான் என் குடி முழுகிப்போனது. வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன், ஓய்வு பெற்றதும் ‘லிஃப்ட் ஏன் பாதியில் நிற்கிறது?’ என்று ஒரு புத்தகம் எழுதி அதற்குள் போட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் ‘பெயர் தெரியாதவர்’ என்று காட்டியது. எழுதியவன் எதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், பெயர் தெரியாதவராம்! வயிறெரிந்து என் பெயரைத் தட்டி, சரி என்று அமுக்கினேன். எல்லாப் புத்தகங்களையும் சேர்த்துத் தேர்வு செய்திருக்கிறேன் என்று யார் கண்டார்கள்? ஒரே நொடியில் அத்தனையும் நான் எழுதியதாகிவிட்டன. ஃபோல்டர்கள்கூடப் பழைய பெயர்களை உதறிவிட்டு என் பெயருக்கு மாறிக்கொண்டன. நம் பட்டியலைப் பார்த்து மின்நூல் இரவல் வாங்கும் மேல்வீட்டு டாக்டரம்மா லிஃப்டில் என்னைப் பார்த்து, “பிரசவத்தைப் பத்தி எவ்வளவு விவரமா எழுதியிருக்கீங்க சார்!” என்றார். அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறி வந்தேன்.

உங்கள் அத்தை விஷயம் இன்னும் மோசம். துப்பறியும் கதை ஒன்றில் கொலைகாரன் யார் என்று தெரியப்போகும் இடத்தில் விட்டிருந்தாள். தலைப்பு அவளுக்கு என்றைக்கு ஞாபகம் இருந்தது? எழுத்தாளர் பெயரைப் போட்டுத்தான் தேடுவாள். இப்போது தேடினால் ஒருவரும் இல்லை, நான் மட்டும் இருக்கிறேன். “எல்லாரையும் தீர்த்துட்டு நீங்க மட்டும் நில்லுங்க” என்றாள். அதோடு பேச்சு நின்றது. காபி வருகிறது, டம்ளர் சத்தத்தோடு வருகிறது.

போனில் நீங்கள், “பட்டியல்லதான் மாறியிருக்கு மாமா, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளயும் பழைய விவரம் அப்படியே இருக்கும், அதுல இருந்து திரும்ப எடுத்துக்கலாம்” என்றீர்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இனி அதைத் தொடமாட்டேன். எழுத உட்கார்ந்ததே தப்பு. லீவு போட்டுவிட்டு ஓடி வந்து என் மானத்தைக் காப்பாற்றவும்.

மூவரும் நோய்நொடியின்றி, மென்பொருள் தொல்லையின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் மாமனார்

பின்குறிப்பு: வர வேண்டாம். மனசு கேட்காமல் நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் தேர்வு செய்து, புத்தகத்துக்குள் இருக்கும் விவரத்தை எடுக்கச் சொல்லி அமுக்கினேன். எழுத்தாளர்கள் அத்தனை பேரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அத்தை கதையைப் படித்து முடித்துப் பேசவும் ஆரம்பித்துவிட்டாள். என் புத்தகத்துக்குள் மட்டும் நான் என் பெயரைப் போடவே இல்லையாம். மறுபடியும் ‘பெயர் தெரியாதவர்’. எட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “கொலை செஞ்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இதை எழுதினது யாருன்னுதான் தெரியல.”