கடற்பாசி குடித்து நான் தம்பியான விபரம்

கல்லுமலைத் தோட்டம், மேற்பிரிவு,
பசறை.
26.5.1978

வெலிமடையில் இருக்கும் என் கூடப்பிறந்த சடையனுக்கு மாடசாமி எழுதுவது. கதிர்காமத்தான் காவலில் நீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அண்ணி சுகம். நானும் சுகம். என் உடம்பு தேவைக்கு மேலேயே சுகமாக இருக்கிறது; இந்தக் கடிதத்தின் துக்கமே அதுதான்.

யார் கையெழுத்து என்று திகைக்காதே, என்னுடையதுதான். கட்டைவிரலில் மை பூசியே காலத்தை ஓட்டிய உன் அண்ணன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் சிவஞானம் மாஸ்டர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் படித்து, இப்போது யார் துணையும் இல்லாமல் எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் அதைத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவு அழகாக இருக்கிறது. முதல் கடிதம் உனக்குத்தான் என்றும், அதில் பணம் வந்துவிட்டது, புறப்பட்டு வருகிறோம் என்றும் எழுத ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்த என் சேமலாபப் பணம் கைக்கு வந்ததும் உன்னோடு கூட்டுச் சேர்ந்து அந்த உருளைக்கிழங்குக் காணியைக் குத்தகைக்கு எடுப்பதாகச் சொன்னேன் அல்லவா? ஆடி பிறக்கும் முன் என் பங்கைக் கட்டாவிட்டால் காணி வேறு ஆளுக்குப் போய்விடும், நீ கொடுத்த அச்சாரமும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தம்பி, அந்தப் பணம் இப்போது வராது. இன்னும் நாலு வருஷத்துக்கு வராது. ஏனென்றால் எனக்கு வயது குறைந்துவிட்டது.

அது நடந்த விதத்தைக் கேள். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் வாசித்தேன். அப்படி ஒருநாள் பேப்பரில் கடற்பாசியைப் பற்றி ஒரு வைத்தியர் எழுதியதை வாசித்தேன். அதில் உள்ள அயடின் கழுத்துக் கழலைக்கு நல்லது, சுண்ணாம்புச் சத்து எலும்புக்கு நல்லது, வழவழப்பு குடலுக்கு நல்லது, வயதானவர்கள் தினமும் கஞ்சியாகக் குடிக்கலாம் என்று இருந்தது. நானே வாசித்த விஷயம், எப்படி நம்பாமல் இருப்பேன்? காணி வந்தால் மண்வெட்டி பிடிக்க உடம்பில் பலம் வேண்டுமே என்றுதான் நினைத்தேன், வேறு ஆசை இல்லை. பசறை டவுனில் ஹாஷிம் நானா கடையில் கேட்டேன். நோன்புக்குப் புத்தளத்திலிருந்து வரவழைத்ததில் மிச்சம் இருக்கிறது, இதைக் குடித்தால் கிழவன் மரம் ஏறுவான் என்று சொல்லி, மரம் ஏறுகிறவனுக்கு உரிய விலையையும் சொன்னார். வாங்கினேன். உன் அண்ணி காத்தாயி இருட்டோடு எழுந்து, உப்புப் போக அலசி, கஞ்சி காய்ச்சி எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவாள். பங்குனிக்குள் முழங்கால் வலி போனது, மூச்சிரைப்பு போனது, நடந்து வந்தவன் தாவி வர ஆரம்பித்தேன். லயத்து வீடுகளில் எல்லோரையும் நிறுத்தி வைத்து அயடினைப் பற்றிச் சொன்னேன். என்னைக் கண்டால் கதவைச் சாத்தும் அளவுக்குச் சொன்னேன்.

பணம் கேட்க வயதுச் சீட்டு வேண்டும் என்றார்கள், சித்திரையில் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நமக்கெல்லாம் பிறந்த சீட்டு ஏது? டாக்டர் உடம்பைப் பார்த்து உத்தேசமாக எழுதுவதுதானே நம் வயது. எனக்கு அறுபது இருக்கும் என்று சொன்னேன். பல்லைப் பார்த்தார். உட்கார்ந்து எழும்பச் சொன்னார். அவர் ஒரு தரம்தான் சொன்னார், தம்பி. நான் அவர் போதும் என்று சொல்லும் வரைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி சிரித்ததும் எனக்கு இன்னும் குஷி வந்துவிட்டது. கடற்பாசியின் மகிமையை டாக்டருக்கும் எடுத்துச் சொன்னேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே ஐம்பத்தொன்று என்று எழுதினார். அதை நானே எழுத்துக் கூட்டி வாசித்து, கும்பிட்டுவிட்டு வந்தேன் என்பதுதான் பெரிய வெட்கம். தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா பார்த்துவிட்டு, ஆம்பளைக்கு ஐம்பத்தைந்து ஆனால்தான் பணம், போய் வேலை செய் என்றார். போன வருஷம் உனக்கு ஐம்பத்தேழு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் நீ எனக்கு ஏழு வயது மூத்தவன்.

அதோடு விடவில்லை. வயதாளி என்று என்னைத் தேயிலை ஸ்டோரில் கூட்டுகிற வேலைக்குப் போட்டிருந்தார்கள் அல்லவா? மறுநாள் மாரிசாமி கங்காணி, நான் தோளில் தூக்கி வளர்த்த பயல், எல்லோர் முன்னாலும், "என்னங்க தம்பி, இளந்தாரி தொடப்பத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு? கான் வெட்டப் போங்க," என்றான். இப்போது மலையுச்சியில் பொடியன்களோடு மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறேன். அவர்களைவிட நீளமாக வெட்டிவிடுகிறேன் என்பதை வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

தப்பைத் திருத்தப் பார்க்காமல் இல்லை. கஞ்சியை நிறுத்தினேன். தாடி வளர்த்தேன். ஒரு கைத்தடியை இரவல் வாங்கிக்கொண்டு, கூனிக்கொண்டு திரும்பவும் டாக்டரிடம் போய் இருமினேன். அவருக்கு மனசு இளகியது. தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த கிழமை வாங்க, பார்ப்போம் என்றார். வெளியே வந்தேன், பசறை பஸ் புறப்பட்டுவிட்டது. யோசிக்கவே இல்லை, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி மிதிபலகையில் தாவி ஏறினேன். திரும்பிப் பார்த்தால் டாக்டர் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனி எந்த முகத்தோடு அங்கே போவேன்?

ஆகையால் நீ எனக்காகக் காத்திராமல் வேறு கூட்டாளியைப் பார்த்துக்கொள். அச்சாரத்தை இழக்காதே. வீம்புக்கு உட்கார்ந்து எழும்பிய இந்த அண்ணனை மன்னித்துவிடு. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், ஆனால் அவரவர் வயதுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனும் சர்க்காருக்கு உன் தம்பியுமான
மாடசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. வேறு கூட்டாளி வேண்டாம். இந்தக் கடிதத்தை நான் மெதுவாக எழுதி முடிப்பதற்குள் காத்தாயி எனக்குச் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டாள். பெண்களுக்கு ஐம்பது ஆனாலே பணம் உண்டாம். அவளை டாக்டர் உட்காரச் சொல்லவில்லை, எழும்பச் சொல்லவில்லை, பல்லைப் பார்க்கவில்லை. கொழுந்து பறித்த கையை மட்டும் பார்த்துவிட்டு அறுபது என்று எழுதிவிட்டார். எனக்குப் பத்து வயது இளையவள், தம்பி. ஆபீசில் பணத்துக்கு எழுதிக் கொடுத்த பாரத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆடிக்கு முன் பணம் வந்துவிடுமாம். குத்தகை அவள் பேரில்தான் என்கிறாள். அவள் வெலிமடைக்கு வந்துவிடுவாள். சின்ன வயதுக்காரன் நான் இங்கேயே கான் வெட்டட்டுமாம்.

நீ ஏன் ஒருநாளும் அந்தக் கஞ்சியைக் குடிக்கவில்லை என்று அவளைக் கேட்டேன். "அது விக்கிற வெலைக்கு வீட்டுல ஒருத்தருதாங்க கெழடாகாம இருக்க முடியும்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மிச்சப் பாசியை நானே அலசி, காய்ச்சி, அவளுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மூடி வைத்துவிட்டாள். "மொதல்ல பணம் வரட்டும். அதுக்கு முந்தி என்னைய கொமரி ஆக்கிறாதீங்க," என்கிறாள்.